வாய் பெற்ற விலங்குகள்

புத்தகத்திலிருந்து திரைக்கு – 12

குழந்தைகளுக்கான புத்தகத்தில் ஒரு பன்றிக்குட்டியைப் பேசவைக்க இரண்டு மேற்கோள் குறிகள் போதும். படிக்கும் குழந்தை அந்தக் குரலைத் தன் காதுக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும். பன்றியின் வாய் எப்படி அசைந்தது, மூக்குக்குக் கீழே உதடு எங்கே இருக்கிறது என்றெல்லாம் அது கேட்பதில்லை. அதே கதையை நிஜ விலங்குகளை வைத்துப் படமாக்கும்போது இந்தக் கேள்விகள் எல்லாம் வந்து நிற்கின்றன. திரையை நிறைத்து ஒரு முகம் தெரிகிறது. வாய் அசையாவிட்டால் அது பேசுவதாகத் தோன்றாது. தப்பாக அசைந்தால் விலங்காகவே தோன்றாது. குழந்தை இலக்கியத்திலிருந்து எடுக்கப்பட்ட பேசும் விலங்குப் படங்களின் வரலாறு, பெருமளவுக்கு இந்த வாய்க்கு வழி தேடிய வரலாறு.

வரைகலைப் படங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1967-இல் டிஸ்னி எடுத்த 'தி ஜங்கிள் புக்' படத்திலும், 1973-இல் ஹானா-பார்பரா எடுத்த 'சார்லட்ஸ் வெப்' படத்திலும் விலங்குகள் பேசுகின்றன, பாடுகின்றன, ஆடுகின்றன. கோட்டால் ஆன கரடிக்கு எந்த வாயையும் வரையலாம். ஆட்டம் கடினமாவது உயிருள்ள விலங்கு கேமராவுக்கு முன்னால் வந்து நிற்கும்போதுதான். இந்த அத்தியாயம் அந்த வகைப் படங்களைப் பற்றியது. அவற்றின் நடுவே நிற்பது 1995-இல் வெளிவந்த 'பேப்'.

நூலும் பின்னணிக் குரலும்

'பேப்' வருவதற்கு முன் கையாளப்பட்ட வழிகளில் எளிமையானது பின்னணிக் குரல். அன்னா சிவெல் 1877-இல் எழுதிய 'பிளாக் பியூட்டி' ஒரு குதிரை தன் வாழ்க்கையைத் தானே சொல்வதாக அமைந்த நாவல். 1994-இல் கரோலின் தாம்ப்சன் அதைப் படமாக்கியபோது நடிகர் ஆலன் கம்மிங் குதிரைக்குக் குரல் கொடுத்தார். திரையில் குதிரையின் வாய் அசையவில்லை. நூலே தன்வரலாறாக இருந்ததால் இந்த முறை அதற்குப் பொருந்தியது.

ஷீலா பர்ன்ஃபோர்டு 1961-இல் எழுதிய 'தி இன்க்ரெடிபிள் ஜர்னி' நூலின் கதை வேறு. இரண்டு நாய்களும் ஒரு சயாமியப் பூனையும் கனடாவின் காடுகளைக் கடந்து வீடு திரும்பும் கதை அது. நூலில் அவை பேசுவதே இல்லை. 1963-இல் டிஸ்னி எடுத்த படத்தில் ஒரு கதைசொல்லியின் குரல் மட்டும் உண்டு. முப்பது ஆண்டுகள் கழித்து அதே நிறுவனம் 'ஹோம்வார்டு பவுண்ட்' என்ற பெயரில் அந்தக் கதையை மறுபடி எடுத்தபோது, மூன்று விலங்குகளுக்கும் தனித்தனிக் குரல் தந்தது. மைக்கேல் ஜே. ஃபாக்ஸ், சாலி ஃபீல்டு, டான் அமீச்சி ஆகியோர் பேசினார்கள். இங்கும் வாய்கள் அசையவில்லை. விலங்குகள் ஒன்றோடொன்று பேசுவதாகவும் கொள்ளலாம், மனத்துக்குள் நினைப்பது நமக்குக் கேட்பதாகவும் கொள்ளலாம். இந்த மங்கல் அந்தப் படத்துக்குக் கெடுதல் செய்யவில்லை. அது நடையும் ஓட்டமும் நிறைந்த பயணக் கதை. பேச்சு அதற்கு ஒரு துணை மட்டுமே.

வாயை நிஜமாகவே அசைத்துப் பார்த்த முயற்சிகளும் உண்டு. அவை குழந்தைப் புத்தகங்களிலிருந்து வந்தவை அல்ல என்றாலும் நுட்பத்தின் வரலாற்றில் அவற்றுக்கு இடமுண்டு. 1950-இல் தொடங்கிய 'ஃபிரான்சிஸ்' என்ற பேசும் கோவேறு கழுதைப் படங்களுக்கும், 1961 முதல் 1966 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய 'மிஸ்டர் எட்' என்ற பேசும் குதிரைத் தொடருக்கும் பயிற்சியாளர் ஒருவரே: லெஸ் ஹில்டன். குதிரையின் உதட்டுக்கு அடியில் நைலான் நூலை விட்டு, வேண்டிய நேரத்தில் இழுப்பது அவர் கையாண்ட முறை. நூல் உறுத்தும்போது குதிரை உதட்டை அசைத்து அதைத் தள்ளப் பார்க்கும். அந்த அசைவின் மேல் பிறகு வசனம் ஏறும். நாளடைவில் நூல் இல்லாமலே குறிப்பறிந்து உதட்டை அசைக்க அந்தக் குதிரை கற்றுக்கொண்டது. சொல்லுக்கும் அசைவுக்கும் பொருத்தம் இருக்காது. அந்தப் பொருத்தமின்மையே சிரிப்பை வரவழைத்ததால் நகைச்சுவைத் தொடருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஹியூ லோஃப்டிங்கின் டாக்டர் டூலிட்டில் கதைகள் முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளிலிருந்து அவர் தம் குழந்தைகளுக்கு எழுதிய கடிதங்களில் பிறந்தவை. முதல் நூல் 1920-இல் வந்தது. விலங்குகளின் மொழிகளைக் கற்றுக்கொண்ட மருத்துவர்தான் நாயகன். 1967-இல் ரெக்ஸ் ஹாரிசன் நடித்த படம் ஆயிரத்துக்கு மேற்பட்ட விலங்குகளைத் திரட்டியது. செலவு திட்டத்தைத் தாண்டிப் போனது. அதில் பெரும்பாலான விலங்குகள் தத்தம் ஒலியையே எழுப்புகின்றன. மருத்துவர் புரிந்துகொண்டு பதில் சொல்கிறார். மனித மொழி பேசுவது பாலினீசியா என்ற கிளி. கிளி பேசுவதில் யாருக்கும் வியப்பில்லை. வாய்ச் சிக்கலை அந்தப் படம் தீர்க்கவில்லை. சாமர்த்தியமாகச் சுற்றிக்கொண்டு போனது.

ஒரு தோற்றுப்போன விவசாயியின் கதை

'பேப்' படத்தின் மூலநூலை எழுதிய டிக் கிங்-ஸ்மித் 1922-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயர் பகுதியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் காயமடைந்து திரும்பிய பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பண்ணை நடத்தினார். விலங்குகள் மீது அவருக்கு இருந்த பிரியத்தில் பாதி கணக்கு வழக்கில் இருக்கவில்லை. பண்ணை நொடித்துப்போயிற்று. வேறு சில வேலைகள் பார்த்துவிட்டு, நடுவயதில் ஆசிரியப் பயிற்சி பெற்று ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தார். முதல் புத்தகம் 'தி ஃபாக்ஸ் பஸ்டர்ஸ்' 1978-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 56. அதன்பின் 2011-இல் 88 வயதில் இறக்கும்வரை நூறுக்கும் மேற்பட்ட குழந்தை நூல்களை எழுதினார்.

அவற்றில் 1983-இல் வந்த 'தி ஷீப்-பிக்' உலகப் புகழ் பெற்றது. அடுத்த ஆண்டு 'கார்டியன்' குழந்தைப் புனைகதைப் பரிசு அதற்குக் கிடைத்தது. கிராமத்துத் திருவிழாக்களில் பன்றிக்குட்டியின் எடையைச் சரியாக ஊகித்துச் சொல்பவருக்கு அந்தக் குட்டியையே பரிசாகத் தரும் வழக்கம் இங்கிலாந்தில் உண்டு. கதை அங்கேதான் தொடங்குகிறது. ஹாகெட் என்ற பேச்சுக் குறைந்த விவசாயி அப்படி ஒரு குட்டியை வெல்கிறார். கிறிஸ்துமஸ் விருந்துக்கு அது கொழுக்கும் என்று அவர் மனைவி கணக்குப் போடுகிறாள். ஃப்ளை என்ற மேய்ப்பு நாய் அந்தத் தாயில்லாக் குட்டியைத் தன் குட்டிகளோடு சேர்த்து வளர்க்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துப் பன்றிக்குட்டிக்கும் ஆடு மேய்க்க ஆசை வருகிறது.

பெயர் ஒன்றிலும் ஆசிரியர் விளையாடியிருக்கிறார். 'ஹாகெட்' என்பது ஆங்கிலத்தில் ஒரு வயது கடந்த செம்மறிக் குட்டியைக் குறிக்கும் சொல். அதன் முற்பகுதியான 'ஹாக்' பன்றியைக் குறிக்கும். பன்றியும் ஆடும் ஒன்றாகச் சேரப்போகும் பண்ணையின் உரிமையாளருக்கு இந்தப் பெயர்.

கதையின் முடிச்சு பேச்சில் இருக்கிறது. நாய்கள் செம்மறிகளை மூடப் பிராணிகள் என்று நினைத்து அதட்டி விரட்டுகின்றன. செம்மறிகள் எல்லா நாய்களையும் ஓநாய் என்றே அழைக்கின்றன. பன்றிக்குட்டி மட்டும் அவற்றிடம் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறது. கேட்டபடி ஆடுகள் வரிசையாக நடக்கின்றன. இறுதியில் நாய்களுக்கான மேய்ப்புப் போட்டியில் ஹாகெட் இந்தப் பன்றியைக் களமிறக்குகிறார். குறிக்கப்பட்ட பாதையில், வாயில்களின் வழியே, சில ஆடுகளைச் சிதறவிடாமல் ஓட்டிச்சென்று பட்டியில் அடைக்க வேண்டும். பிழைக்கேற்ப மதிப்பெண் குறையும். குரைப்பும் பாய்ச்சலும் இல்லாமல், கேட்கும் விதத்தால் மட்டுமே பன்றி வெல்கிறது.

படமாக்குவோருக்கு இதனால் ஒரு நெருக்கடி ஏற்பட்டது. 'ஹோம்வார்டு பவுண்ட்' போலப் பின்னணிக் குரலோடு தப்பித்துக்கொள்ள இந்தக் கதையில் இடமில்லை. அதட்டலுக்கும் பணிவுக்கும் உள்ள வேறுபாடுதான் கதை என்றால், யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும்.

காத்திருந்த தயாரிப்பாளர்

படமாக்கும் உரிமையை வாங்கியவர் ஆஸ்திரேலியரான ஜார்ஜ் மில்லர். மருத்துவம் படித்து, சிட்னி மருத்துவமனையில் பணியாற்றி, பிறகு 'மேட் மேக்ஸ்' என்ற வன்முறை மிகுந்த சாலைப் படங்களால் பெயர் பெற்றவர். 1980-களின் நடுவில் ஒரு விமானப் பயணத்தில் இந்தப் புத்தகத்தைப் பற்றி ஒருவர் சிரித்துக்கொண்டே பேசியதைக் கேட்டு அதைத் தேடிப் படித்தார் என்பது அவரே சொன்ன செய்தி. படம் வெளிவந்தது 1995-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு பகுதி நுட்பம் வளரட்டும் என்ற காத்திருப்பில் கழிந்தது. இயக்கும் பொறுப்பு கிறிஸ் நூனனிடம் தரப்பட்டது. திரைக்கதையை இருவரும் சேர்ந்து எழுதினார்கள்.

மெலிந்த புத்தகத்தை முழுநீளப் படமாக்கும்போது கதைமாந்தர் தேவைப்பட்டனர். நூலில் இல்லாத ரெக்ஸ் என்ற ஆண் நாய் சேர்ந்தது. நாய்க்கு ஆடு பணியத்தான் வேண்டும் என்று நம்பும் கர்வி அது. அதன் மனமாற்றமே படத்தின் இரண்டாவது கதையாக வளர்ந்தது. போட்டியின் கடைசி நிமிடத்தில், அறிமுகமில்லாத ஆடுகளுக்குரிய இரகசியச் சொல்லைப் பண்ணை ஆடுகளிடம் தலைதாழ்த்திக் கேட்டுவருவதும் ரெக்ஸ்தான். சேவலைப் போலக் கூவிப் பயனுள்ள பிராணி என்று பெயரெடுத்தால் அடுப்புக்குப் போகாமல் தப்பலாம் என்று கணக்குப் போடும் ஃபெர்டினான்ட் என்ற வாத்தும் படத்துக்கென்று வந்ததே. நூலின் அத்தியாயத் தலைப்பு முறையைப் படம் கைவிடவில்லை. திரையில் தலைப்பு அட்டைகள் வரும். மூன்று சுண்டெலிகள் அவற்றைக் கீச்சுக் குரலில் வாசிக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத சிறு குழந்தைகளுக்கும் இதனால் தலைப்பு எட்டியது.

நாற்பத்தெட்டுப் பன்றிகள்

படப்பிடிப்பு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், உருளைக்கிழங்கு விளையும் ராபர்ட்சன் என்ற சிற்றூரின் பச்சைக் குன்றுகளில் நடந்தது. கதை நடப்பது எந்த நாடு என்று படம் சொல்வதில்லை. வீடு, வேலி, வண்டி எல்லாம் பழைய ஐரோப்பியப் படப் புத்தகத்தின் பக்கங்கள்போல அமைக்கப்பட்டன. ஒளிப்பதிவு செய்த ஆண்ட்ரூ லெஸ்னி பின்னாளில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்துக்காக ஆஸ்கர் பெற்றவர்.

பன்றிக்குட்டி வேகமாக வளரும். சில வாரங்களில் உருவமே மாறிவிடும். மாதக்கணக்கில் நீளும் படப்பிடிப்பில் ஒரே குட்டியை வைத்துக் கதையை முடிக்க முடியாது. ஆகவே லார்ஜ் ஒயிட் இனத்தைச் சேர்ந்த 48 குட்டிகள் அணி அணியாகப் பயிற்றுவிக்கப்பட்டன. ஓர் அணி வளர்ந்து போனதும் அடுத்தது களமிறங்கியது. எல்லாம் ஒன்றுபோலத் தெரிய, உச்சந்தலையில் ஒரு சிறு மயிர்க் கொத்து ஒட்டப்பட்டது. படத்தில் குட்டியின் அடையாளமாகத் தெரியும் அந்தக் குடுமி ஒப்பனையாளர் கைவேலை. விலங்குப் பயிற்சிக்குக் கார்ல் லூயிஸ் மில்லர் பொறுப்பேற்றார்.

மனித நடிகர்கள் இந்த விலங்குகளுக்கு வழிவிட்டார்கள். ஹாகெட்டாக நடித்த ஜேம்ஸ் கிராம்வெல்லுக்கு வசனம் மிகக் குறைவு. அந்தக் குறைந்த பேச்சும் உயர்ந்த உருவமும் பாத்திரத்துக்கு வலுவாயின. மனைவியாக ஆஸ்திரேலிய நகைச்சுவை நடிகை மாக்டா ஸுபான்ஸ்கி வந்தார். குரல்களில், பன்றிக்குட்டிக்குக் கிறிஸ்டின் கேவனா, ஃப்ளைக்கு மிரியம் மார்கோலிஸ், ரெக்ஸுக்கு ஹியூகோ வீவிங், கதைசொல்லியாக ராஸ்கோ லீ பிரவுன்.

உதட்டின் கணக்கு

பேச்சு ஒலிகளில் சிலவற்றுக்கு உதடு மூடியாக வேண்டும். ப, ம ஆகியவை இதழ்கள் இயைவதால் பிறப்பவை என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலே வகுத்துச் சொல்கிறது. இந்த ஒலிகள் காதில் விழும் கணத்தில் திரையில் உதடு திறந்தே இருந்தால் பார்ப்பவர் மனம் உடனே அதைக் கண்டுகொள்ளும். டப்பிங் எழுதுவோர் முதலில் கவனிக்கும் இடமும் இதுவே. பன்றிக்கோ மேலுதட்டை மூக்கு விழுங்கியிருக்கிறது. நாயின் வாய்க்கீறல் கன்னம்வரை போகிறது. ஓரங்களில் தொங்கும் தசையைக் குவிக்க அதனால் முடியாது. வாத்தின் அலகு வளையவே வளையாது. மனித உதட்டை அப்படியே ஒட்டினால் முகம் அருவருப்பாகிவிடும். அந்தந்த விலங்கின் வாய் எவ்வளவு அசையுமோ அதற்குள்ளேயே சொல்லைக் காட்ட வேண்டியிருந்தது.

இதற்கு இரண்டு வழிகள் ஒன்றாகக் கையாளப்பட்டன. முதலாவது, இயந்திரப் பொம்மை. லண்டனில் இயங்கிய ஜிம் ஹென்சன் நிறுவனத்தின் பொம்மைப் பட்டறையில் நீல் ஸ்கேன்லன் தலைமையிலான குழுவும், ஆஸ்திரேலியாவின் ஜான் காக்ஸும் விலங்குகளின் மறு உருவங்களைச் செய்தார்கள். தோலும் மயிரும் போர்த்திய பொம்மையின் உள்ளே சிறு மோட்டார்கள். கண்ணிமை, காது, தாடை ஒவ்வொன்றையும் வெளியிலிருந்து இயக்கலாம். உயிருள்ள குட்டி ஓடி வரும் காட்சி முடிந்து, முகம் மட்டும் தெரியும் நெருக்கக் காட்சி வரும்போது பொம்மை அதன் இடத்தில் வைக்கப்படும். அடுத்த வெட்டில் நிஜக் குட்டி மறுபடி வந்துவிடும்.

இரண்டாவது, கணினி. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் இதை ஏற்றது. முதலில் உயிருள்ள விலங்கு படமாக்கப்படும். பிறகு அதன் தலை ஒவ்வொரு சட்டகத்திலும் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கணக்கிட்டு, அதே அளவில் முகத்தின் கீழ்ப்பகுதிக்குக் கணினியில் ஒரு முப்பரிமாண வடிவம் செய்யப்படும். படமாக்கிய விலங்கின் தோலையும் மயிரையுமே அந்த வடிவத்தின் மேல் போர்த்தி, வசனத்துக்கேற்பத் தாடையை அசைப்பார்கள். கண், நெற்றி, காது எல்லாம் நிஜ விலங்குடையவை. வாய் மட்டும் வரையப்பட்டது. எது பொம்மை, எது கணினி, எது உயிர் என்று பிரித்தறிய முடியாதபடி மூன்றும் மாறி மாறி வந்ததுதான் இந்தப் படத்தின் வெற்றி. பார்ப்பவர் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

இந்த முறையின் இன்னொரு நற்பலன் தற்செயலாக வாய்த்தது. முகத்தின் பெரும்பகுதி உண்மையான விலங்கினுடையது என்பதால் அது நடிக்க முயலவில்லை. பன்றிக்குட்டி எதையோ முகர்ந்துகொண்டு நிற்கும். அதன் வாயிலிருந்து துயரமான வசனம் வரும். முகபாவத்தை நாமே அதன் மேல் ஏற்றிக்கொள்கிறோம். புத்தகம் படிக்கும் குழந்தை செய்த வேலையில் ஒரு பங்கு பார்வையாளருக்கும் எஞ்சியது.

ராக்கெட்டை வென்ற பன்றி

சுமார் 3 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் உலகெங்கும் 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. சிறந்த படம், இயக்கம், தழுவல் திரைக்கதை, துணை நடிகர் உட்பட ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன. குழந்தைகளுக்கான பேசும் விலங்குப் படம் சிறந்த படத்துக்கான பட்டியலில் இடம்பெறுவது அரிது. இசை-நகைச்சுவைப் பிரிவில் கோல்டன் குளோப் கிடைத்தது. காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கருக்கு அந்த ஆண்டு இரண்டே படங்கள் போட்டியிட்டன: விண்வெளி விபத்தைக் காட்டிய 'அப்போலோ 13', பன்றிக்குட்டியைக் காட்டிய 'பேப்'. விருது பன்றிக்குட்டிக்குப் போயிற்று. ஏற்கெனவே சைவ உணவுக்காரரான கிராம்வெல் இந்தப் படப்பிடிப்பின் அனுபவத்தால் பாலும் முட்டையும் விட்டு, விலங்கு உரிமைகளுக்காகத் தொடர்ந்து குரல் கொடுப்பவரானார்.

1998-இல் மில்லரே இயக்கிய 'பேப்: பிக் இன் தி சிட்டி' இருள் கூடிய நகரக் கதை. நூலிலிருந்து எடுக்கப்பட்டதல்ல. விமர்சகர் ஜீன் சிஸ்கல் அதை அந்த ஆண்டின் சிறந்த படமாகத் தேர்ந்தார். ஆயினும் போட்ட பணம் திரும்பவில்லை.

வாயிலிருந்து உடல் முழுதும்

வாயை வரைய முடிந்தபின் அடுத்த படி விலங்கு முழுவதையுமே வரைவது. 1999-இல் வந்த 'ஸ்டூவர்ட் லிட்டில்' அதைச் செய்தது. ஈ. பி. ஒயிட் 1945-இல் எழுதிய நூலில் நியூயார்க் குடும்பம் ஒன்றில் எலியின் உருவத்தோடு ஒரு மகன் பிறக்கிறான். படத்தில் அது மாற்றப்பட்டு, ஸ்டூவர்ட் அனாதை இல்லத்திலிருந்து தத்தெடுக்கப்படுகிறான். திரைக்கதையாசிரியர் இருவரில் ஒருவர் எம். நைட் ஷியாமளன், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹேயில் பிறந்தவர், தாய்வழியில் தமிழர். அதே ஆண்டில்தான் அவர் இயக்கிய 'தி சிக்ஸ்த் சென்ஸ்' என்ற பேய்க் கதையும் வெளிவந்தது. சட்டை அணிந்த வெள்ளை எலி முழுக்கக் கணினியில் உருவானது. அதோடு வாயாடும் பூனைகள் நிஜப் பூனைகள். அவற்றுக்கு 'பேப்' முறையில் வாய் வரையப்பட்டது.

ஒயிட்டின் இன்னொரு நூலான 'சார்லட்ஸ் வெப்' 1952-இல் வந்தது. வில்பர் என்ற பன்றிக்குட்டியை வெட்டாமல் காப்பாற்ற, சார்லட் என்ற சிலந்தி தன் வலையில் அதைப் புகழ்ந்து சொற்களை நெய்கிறது. மெயின் மாநிலத்தில் சொந்தப் பண்ணை வைத்திருந்த ஒயிட், எழுதுவதற்கு முன் சிலந்திகளைப் பற்றி ஆழ்ந்து படித்தார். கதாநாயகியின் முழுப்பெயரிலேயே அமெரிக்கக் கொட்டில் சிலந்தியின் அறிவியல் பெயர் இருக்கிறது. ஓவியர் கார்த் வில்லியம்ஸ் சிலந்திக்குப் பெண்முகம் வரைய முற்பட்டபோது, சிலந்தி சிலந்தியாகவே இருக்க வேண்டும் என்று ஆசிரியர் தடுத்தார். 1973 வரைகலைப் படத்தில் பாட்டுகள் வந்து கதையை மறித்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

2006-இல் கேரி வினிக் இயக்கிய படம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் எடுக்கப்பட்டது. பன்றி, ஆடு, மாடு, வாத்து எல்லாம் நிஜமானவை. சிலந்தியும் எலியும் மட்டும் முழுக்கக் கணினி வடிவங்கள். சிலந்தியை அடிலெய்டின் ரைசிங் சன் நிறுவனம் செய்தது. உதடே இல்லாத உயிரினம் அது. எட்டுக் கால்களும் பல கண்களும் கொண்டதை ஜூலியா ராபர்ட்ஸின் குரலுக்குப் பொருத்தமாகக் காட்ட வேண்டியிருந்தது. இந்த இடத்தில் புத்தகமே உதவிக்கு வந்தது. கதையின் முக்கியமான சொற்களைச் சார்லட் வாயால் சொல்வதில்லை, எழுதிக் காட்டுகிறது. வலையில் பனித்துளிகளோடு மின்னும் எழுத்துக்கு உதட்டசைவு வேண்டியதில்லை.

ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் 2001-இல் மும்பையிலும் பிறகு ஹைதராபாத்திலும் கிளை திறந்தது. ஃபிலிப் புல்மனின் நூலிலிருந்து வந்த 'தி கோல்டன் கம்பஸ்' படத்தின் விலங்குகளுக்காக இரண்டாவது ஆஸ்கர் பெற்றது. மூன்றாவது ஆஸ்கர் 2013 பிப்ரவரியில், புதுச்சேரியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' படத்துக்குக் கிடைத்தது. அதில் வரும் புலி ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. விலங்குகளைப் பேசவைத்துப் பெயர் பெற்ற நிறுவனத்தின் உச்சம் பேசாத விலங்காக அமைந்தது. விருதுக்கு இரு வாரம் முன்பே அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்திருந்தது.

2016-இல் ஜான் ஃபாவ்ரோ எடுத்த 'தி ஜங்கிள் புக்' இந்தப் பாதையின் எல்லைக்கே போயிற்று. கிப்ளிங் 1894-இல் வெளியிட்ட கதைகளின் களம் மத்திய இந்தியாவின் சிவனிக் காடு. படம் எடுக்கப்பட்டதோ லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் உள்ளரங்கில். நீல் சேத்தி என்ற சிறுவனைத் தவிரத் திரையில் தெரியும் மரம், ஆறு, சிறுத்தை, கரடி ஏறத்தாழ எல்லாமே கணினியில் பிறந்தவை. உண்மையான விலங்கு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. இந்தியாவில் அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்பே, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் டப் செய்யப்பட்டு வெளியானது.

யாருக்குக் கேட்கிறது?

நுட்பம் மாறினாலும் இந்தக் கதைகள் எல்லாவற்றையும் இயக்குவது ஒரு விதி: விலங்கின் பேச்சு யார் காதில் விழலாம் என்பது. அந்த விதியைக் கொண்டு இவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

முதல் வகையில் எல்லோருக்கும் கேட்கிறது. மைக்கேல் பாண்ட் 1958-இல் தொடங்கிய பேடிங்டன் கதைகளில், பெரு நாட்டிலிருந்து வந்த கரடிக்குட்டி லண்டன் ரயில் நிலையத்தில் கழுத்தில் அட்டையோடு உட்கார்ந்திருக்கிறது. போர்க்காலத்தில் நகரங்களிலிருந்து அப்படி அட்டை கட்டி அனுப்பப்பட்ட குழந்தைகளின் நினைவிலிருந்து வந்த காட்சி அது. கரடி பேசுவதைக் கண்டு யாரும் மிரள்வதில்லை. அதற்கு எங்கே இடம் தருவது என்பதே கேள்வி. 2014-இல் பால் கிங் இயக்கிய படத்தில் ஃபிரேம்ஸ்டோர் நிறுவனம் கரடியை உருவாக்கியது. முதலில் குரல் கொடுத்த காலின் ஃபர்த்தின் முதிர்ந்த குரல் குட்டிக்கு ஒத்துவராததால் அவர் விலகிக்கொள்ள, பென் விஷா வந்தார்.

இரண்டாவது வகையில் ஒருவருக்கு மட்டும் கேட்கிறது. டூலிட்டில் மொழி கற்றவர் என்பதால் கேட்கிறார். 'சார்லட்ஸ் வெப்' நூலில் ஃபெர்ன் என்ற சிறுமி கொட்டிலில் முக்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிறாள். அவள் வளர வளரக் கொட்டிலுக்கு வருவது குறைகிறது. ராட்டினமும் நண்பனும் அவளை ஈர்க்கின்றன. குழந்தைப் பருவம் முடிவதை ஒயிட் இப்படிச் சொன்னார்.

மூன்றாவது வகையில் மனிதர் எவருக்கும் கேட்பதில்லை. 'பேப்' இந்த வகை. விலங்குகளின் உலகில் வாதமும் கெஞ்சலும் பாட்டும் நடக்கின்றன. ஹாகெட்டின் காதுக்கு அது உறுமலும் கத்தலும் மட்டுமே. ஒரு செம்மறியைக் கடித்துக் கொன்றது பன்றிக்குட்டி பேப்தான் என்று நினைத்து அவர் துப்பாக்கியை எடுப்பது இந்தச் செவிட்டுத்தன்மையால். குட்டி பேசினாலும் அது அவருக்குப் போய்ச் சேராது.

நான்காவது, மனிதரே இல்லாமல் அல்லது மனிதர் ஓரத்தில் நிற்க, விலங்குகள் தமக்குள் பேசும் கதைகள். 'ஹோம்வார்டு பவுண்ட்' இவ்வகை. இங்கே பேச்சுக்கு வாய் அவ்வளவு முக்கியமில்லை என்பதால்தான் பின்னணிக் குரலே போதுமாயிற்று.

மூன்றாவது வகைக்குத்தான் வாய் மிக அவசியம். விதி மிகக் கடுமையாக இருப்பதும் அங்கேதான். பார்வையாளருக்குக் கேட்பது பாத்திரத்துக்குக் கேட்கக்கூடாது. 'பேப்' இந்த விதியைக் கடைசிவரை மீறவில்லை. போட்டி முடிந்து அரங்கம் ஆர்ப்பரிக்கும்போது பன்றிக்குட்டி வாய் திறப்பதில்லை. பேசுவது ஹாகெட், அதுவும் ஒரு மேய்ப்பர் தன் நாயிடம் வேலை முடிந்ததும் சொல்லும் வழக்கமான சில சொற்கள் மட்டும். குட்டி அவர் முகத்தை அண்ணாந்து பார்க்கிறது. அந்தக் காட்சியில் பன்றியின் வாயை யாரும் வரைய வேண்டியிருக்கவில்லை.

(தொடரும்)